பாதை ஏறிய பேஜோ

குறுமண்வெளித் துறைக்கு வந்ததும் பெரியப்பா எல்லோரையும் இறங்கச் சொல்லிவிடுவார். மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போகும் கூட்டம் அது. முன் சீற்றில் மூன்று பேர், பின் சீற்றில் ஐந்து பேர், அவர்கள் மடியில் சின்னப் பிள்ளைகள் நாங்கள். அம்மம்மா பொங்கல் பானையை இடுப்பில் அணைத்தபடி இறங்குவார். கடைசியில் சாரதிச் சீற்றில் பெரியப்பா மட்டும் மிச்சம்.

மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். எங்களுக்குப் 'பாதை' என்பது தெரு மட்டுமல்ல. வாவியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். எழுவான்கரையையும் படுவான்கரையையும் அந்தப் பாதைதான் சேர்த்து வைத்திருந்தது. கரையிலிருந்து பாதைக்கு இரண்டு பலகை போட்டிருப்பார்கள். கார் ஈர மண்ணில் உருண்டு வந்து, அந்தப் பலகையில் முன் சக்கரத்தை வைத்து, ஒரு முழ உயரம் ஏற வேண்டும்.

பெரியப்பாவின் கார் அந்த ஒரு முழத்துக்கே மூச்சு வாங்கும். முதலாம் கியரில் உறுமும். கிளச் கருகும் வாடை மூக்கில் ஏறும். துறையில் நிற்கும் இளந்தாரிகள் கேட்காமலே வந்து பின்னால் கை கொடுப்பார்கள். ஒருநாள் நான் கேட்டேன், ஏன் எல்லோரையும் இறக்கிவிடுகிறீர்கள், ஏற்றிக்கொண்டே ஏற ஏலாதா என்று.

"அதுக்கு ஏலாததை அதுக்கிட்டக் கேட்கப்படாது மகன். ஏலுமானதைக் கேளு, நாள் முழுக்கச் செய்யும்."

அந்தக் கார் பேஜோ 203. பிரான்சில் செய்தது. எஞ்சின் 1290 சீசீ. கொம்பனி சொன்ன வலு தொடக்கத்தில் 42 குதிரைவலு, 1952 இன் கடைசியிலிருந்து 45. இன்றைக்கு ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு ஓட்டிப்போகும் சின்னஞ்சிறு ஜப்பான் காருக்கே இதைவிட வலு கூட. 203 இன் எடையோ ஏறத்தாழ 900 கிலோ. அதன்மேல் எங்கள் குடும்பம். தட்டையான தெருவில் மணிக்கு 115 கிலோமீற்றர் அளவில் போகலாம் என்பது கொம்பனிக் கணக்கு. எங்கள் கார் அந்த எண்ணைக் கண்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனாலும் அந்த 203, அதன் பின்வந்த 403, அதற்கும் பின்வந்த 404 ஆகிய மூன்றையும் இலங்கைத் தெருக்களில் பார்த்து வளர்ந்தவர்கள் அவற்றைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். ஒஸ்ரினும் மொறிஸும் ஹில்மனும் நிறைந்த, ஆங்கிலேயர் விட்டுப்போன நாட்டில், பிரெஞ்சுக் கார் ஒன்று இப்படி ஒட்டிக்கொண்டது எப்படி? வலு குறைந்ததாலேயே அது நிலைத்தது என்று நான் நம்புகிறேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை தொடங்குவது பிரான்சின் கிழக்கு ஓரத்தில், சொஷோ என்ற ஊரில். பேஜோ குடும்பம் கார் செய்வதற்கு முன் வாள் அலகு செய்தது, கோப்பி அரைக்கும் இயந்திரம் செய்தது, மிளகு அரைக்கும் குடுவை செய்தது. காரின் மூக்கில் இருக்கும் சிங்கம் முதலில் வாளுக்கு வந்த முத்திரை. சிங்கத்தின் பல்லைப்போல் உறுதி என்று சொல்ல வந்தது, பிறகு காரில் ஏறிக்கொண்டது. மூன்று இலக்கத்தின் நடுவே பூச்சியம் வைத்துப் பெயரிடும் வழக்கம் 1929 இல் வந்த 201 உடன் தொடங்கியது. அந்தப் பூச்சியத்தை அவர்கள் எவ்வளவு இறுக்கிப் பிடித்தார்கள் என்றால், ஜேர்மனியின் போர்ஷே தன் புதுக் காருக்கு 901 என்று வைத்த பெயரை 1964 இல் அவர்களுக்காக 911 என்று மாற்ற வேண்டி வந்தது.

போர்க்காலத்தில் சொஷோ ஆலை ஜேர்மனியர் கைக்குப் போனது. 1943 இல் பிரித்தானிய விமானங்கள் அந்த ஊரில் குண்டு போட்டன. பிறகு ஆலைக்குள்ளேயே இருந்தவர்கள், முதலாளி குடும்பத்தின் ஒத்துழைப்போடு, இயந்திரங்களைத் தாங்களே வெடிவைத்து முடக்கினார்கள். அப்படிச் சிதைந்த ஆலை எழுந்து நின்று செய்த முதல் புதுக் கார்தான் 203. 1948 ஒக்ரோபரில் பாரிஸ் கண்காட்சியில் அது முறையாக மக்கள் முன் வந்தது. 1954 வரை பேஜோவிடம் இருந்த பயணிகள் கார் இது ஒன்றுதான். 1960 இல் நிறுத்தும்போது ஏறத்தாழ ஆறு இலட்சத்து எண்பத்தையாயிரம் வண்டிகள் வெளியே போயிருந்தன.

ஏன் இவ்வளவு சின்ன எஞ்சின்? பிரான்சில் அப்போது இரும்புக்குத் தட்டுப்பாடு. பெற்றோலுக்குப் பங்கீடு. எந்தக் கொம்பனி எந்த அளவில் கார் செய்யலாம் என்பதையே அரசாங்கம் திட்டம் போட்டுப் பிரித்துக் கொடுத்தது. பேஜோவுக்கு நடுத்தரக் கார் விழுந்தது. அதோடு வரி. எஞ்சின் பெரிதானால் ஆண்டு வரியும் ஏறும். ஆகவே பிரெஞ்சுப் பொறியியலாளர்களுக்கு வாய்த்தது, சின்ன அடுப்பில் பெரிய பந்திக்குச் சமைக்கிற வேலை. அதே 1948 கண்காட்சியில் சிற்றொன் நிறுவனம் காட்டிய 2சீவீ இன்னும் ஒரு படி கீழே: 375 சீசீ, 9 குதிரைவலு. கூடை நிறைய முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒன்றும் உடையக்கூடாது என்பது அதற்கு வைத்த சோதனை. ரெனோவின் 4சீவீ பின்புறத்தில் எஞ்சின் வைத்து, ஒரு வெண்ணெய்க் கட்டியைப்போல் உருண்டு திரண்டு, பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரெஞ்சுக் கார் ஆயிற்று. ஜப்பானில் ஹினோ கொம்பனி அதைத் தன் நாட்டில் செய்து கார்த்தொழில் பழகியது. இந்தச் சகோதரர்களுக்குள் 203 தான் மூத்த, பொறுப்பான, கல்யாணமான அண்ணன். ஆமை முதுகுபோல் வளைந்த பின்புறம், அமெரிக்கக் கார்களின் சாயல், உள்ளே பெரிய குடும்பத்துக்கு இடம். அதை இன்னும் இருபது சென்ரிமீற்றர் நீட்டி மூன்றாம் வரிசைச் சீற்றும் வைத்த ஒரு வகைக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரின் பொருளே 'குடும்பத்துக்குரியது' என்பதுதான்.

எஞ்சினுக்குள் கொஞ்சம் தலையை நீட்டிப் பார்ப்போம். காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த காக்கா ஒருவர் இருக்கிறார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். நாற்பது வருடத்துக்கு மேலாகக் கராஜ் வைத்திருப்பவர். அவர் பிரித்துக் காட்டித்தான் இதெல்லாம் எனக்கு விளங்கியது. ஒரு பழைய சாக்கை விரித்து, அதன்மேல் சிலிண்டர் தலையைக் கவிழ்த்து வைத்தார். அலுமினிய வார்ப்பு. நான்கு குழிகள், ஒவ்வொன்றும் தேங்காய்ச் சிரட்டையின் பாதியைப்போல் வழுவழுவென்று குடைந்திருந்தது. பெற்றோல் எரிவது அந்தச் சிரட்டைக்குள். மூலை முடுக்கு இல்லாத இடத்தில் தீ ஒழுங்காகப் பரவும். ஒரு துளியும் வீணாகாது. அந்தக் காலத்தில் பந்தயக் கார்களுக்கும் விலை உயர்ந்த கார்களுக்கும் வைத்த வடிவம் இது. பேஜோக்காரர் அதை ஒரு குடும்பக் காருக்கு வைத்தார்கள், வேகத்துக்காக அல்ல, சிக்கனத்துக்காக.

அடுத்து அவர் காட்டியது சிலிண்டர் ஸ்லீவ். இரும்புக் குழாய் ஒன்றைக் கையில் தூக்கித் தந்தார். நான் ஏந்திப் பார்த்தேன். சின்னப் பிள்ளையின் பால் பேணி அளவு. பல கார்களில் சிலிண்டர், எஞ்சின் கட்டையிலேயே குடைந்தது. தேய்ந்தால் கட்டையையே கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிக் கடைய வேண்டும். இதில் குழாய் தனி. அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பழையதை உருவி, புதியதைப் பிஸ்ரனோடு இறக்கினால் எஞ்சின் புதிது. கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஒரு ஊரில், நல்ல கடைசல் இயந்திரம் எங்கோ ஒன்றிரண்டு இருந்த காலத்தில், இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். மாமர நிழலில், கையால் செய்யக்கூடிய வேலை. குழாயின் உள்விட்டம் 75 மில்லிமீற்றர், பிஸ்ரன் மேலும் கீழும் ஓடும் தூரம் 73. விட்டம் கூட, ஓட்டம் குறைவு. குறைவாக ஓடும் பிஸ்ரன் குறைவாகத்தான் தேயும்.

"மறுகா இதைப் பாருங்க தம்பி," என்று அவர் பின் அச்சின் பக்கம் குனிந்தார். அதுதான் அந்தக் காரின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். சாதாரணக் கார்களில் பின் அச்சில் பல்லும் பல்லும் மோதி ஓடும். பேஜோவில் ஒரு இரும்புத் திருகு, வெண்கலச் சக்கரம் ஒன்றைச் சுழற்றும். சத்தமே இருக்காது, வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதற்கு எண்ணெய் பார்த்து ஊற்ற வேண்டும். இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் கியர் ஒயிலில் கந்தகச் சேர்மானம் உண்டு. இரும்புப் பல்லுக்கு அது நல்லது. வெண்கலத்தை அது அரித்துத் தின்றுவிடும். பேஜோவுக்கு வேண்டியது ஆமணக்கெண்ணெய் சேர்ந்த ஒயில். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு வயிறு கழுவக் கொடுத்தோமே, அதே ஆமணக்கு. காக்கா போத்தலைத் திறந்து ஒரு துளியைப் பெருவிரலில் விட்டு, சுட்டு விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். கந்தகம் இருந்தால் அழுகின முட்டை வாடை கொஞ்சமாவது அடிக்கும். அடிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஊற்றினார். தெரியாதவர்கள் கண்ட ஒயிலையும் ஊற்றி எத்தனை நல்ல அச்சுகளைக் கெடுத்தார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

இனி கியர். ஸ்டியறிங்கோடு ஒட்டியிருக்கும் கம்பிதான் கியர். நான்கு கியர். அதில் மூன்றாவதிலேயே எஞ்சினும் பின் அச்சுக்குப் போகும் தண்டும் ஒரே சுற்றுச் சுற்றும். நாலாவது அதற்கும் மேலே: எஞ்சின் மெல்லச் சுற்ற, சக்கரம் வேகமாகச் சுற்றும். ஓய்வெடுத்துக்கொண்டு ஓடுவதற்கென்றே வைத்த கியர் அது. மட்டக்களப்பிலிருந்து ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று கல்முனைவரை போகும் தெருவைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல் திட்டு, உள்ளங்கைபோல் தட்டை. மேடு என்று சொல்ல ஒரு பாலத்தின் ஏற்றம்தான் உண்டு. இந்த நிலம் நாலாம் கியருக்கென்றே படைத்ததுபோல் இருக்கும். பெரியப்பா நாலாவதைப் போட்டுவிட்டுக் காலை லேசாக வைத்திருப்பார். எஞ்சின் சத்தம் தையல் மிசின் அளவுக்கு இறங்கிவிடும். பின் சீற்றில் அம்மம்மாவின் குறட்டைதான் பெரிதாகக் கேட்கும்.

கச்சான் காலத்தில் மட்டும் கதை வேறு. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அனல் காற்று அடிக்கும்போது, ஓட்டமாவடிப் பக்கம் முகத்துக்கு நேரே அந்தக் காற்றை வாங்கினால், 42 குதிரைகளும் சோர்ந்துபோகும். மூன்றாவதுக்கு இறக்க வேண்டியதுதான். காற்றுக்காகக் கியர் மாற்றுகிற காரை நான் வேறு கண்டதில்லை.

மலை ஏறுவது பெரும் சோதனை. செங்கலடிக் கறுத்தப் பாலத்தில் திரும்பி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் தெரு நம்மவர்களுக்கு மலைநாட்டின் வாசல். பிபிலைவரை ஒன்றும் தெரியாது. அதன்பின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். 203 அங்கே இரண்டாம் கியரில் மாட்டு வண்டியைப்போல் ஏறும். லொறிகள் ஹோன் அடித்து முந்திப் போகும். லுணுகலைக்கு முன்னே ஒரு பீலித் தண்ணீர் விழும் இடத்தில் பெரியப்பா நிறுத்தி, பொனற்றைத் திறந்து, துணியைச் சுற்றி ரேடியேற்றர் மூடியைத் திருகுவார். ஆவி சீறி அடிக்கும். நாங்கள் அந்த நேரத்தில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை முடித்துவிடுவோம். பதுளைக்குப் போய்ச் சேர மற்றவர்களைவிட இரண்டு மணித்தியாலம் கூட எடுத்திருப்போம்; போய்ச் சேராமல் விட்டது ஒருமுறைகூட இல்லை.

இது எங்கள் குடும்பப் பெருமை மட்டுமல்ல. 1953 இல் அவுஸ்திரேலியாவைச் சுற்றி 10,500 கிலோமீற்றர் ஓடும் ரெடெக்ஸ் போட்டி நடந்தது. தார் காணாத புழுதித் தெருக்கள், ஆற்றுப் படுகைகள். பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்க, ஆங்கிலக் கார்கள் நிறைய இறங்கின. வென்றது கென் ரப்மனும் ஜோன் மார்ஷலும் ஓட்டிய ஒரு பேஜோ 203. அதன் பேரன் 404, கிழக்கு ஆபிரிக்காவின் சஃபாரி ஓட்டத்தை 1963, 1966, 1967, 1968 என்று நான்கு முறை வென்றது. 1963 இல் சேற்றையும் மழையையும் தாண்டி முடிவுக் கோட்டைத் தொட்டவை மொத்தம் ஏழே கார்கள். வேகத்தால் வென்ற வெற்றிகள் அல்ல இவை. வழியில் நின்றுபோகாத கார் வென்றது.

பிரெஞ்சுக்காரர் மட்டக்களப்புக்குப் புதியவர்களும் அல்லர். இந்தக் கார் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1890களில், கிழக்கின் கத்தோலிக்கத் திருச்சபைப் பொறுப்பு பிரெஞ்சு யேசு சபையினரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. புளியந்தீவில் புனித மிக்கேல் கல்லூரியை உருவாக்கி நிறுத்திய பொனெல் அடிகளார் அவர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அமெரிக்கக் குருமார் வந்து பொறுப்பேற்றார்கள். எனவே எங்கள் பாட்டன்மாருக்குப் பிரெஞ்சுப் பெயர் நாக்கில் புரளாத ஒன்றல்ல. ஆனாலும் இந்தக் காரின் பெயரை எழுத்தைப் பார்த்து வாசித்தவர்கள் 'பியூஜியட்' என்றார்கள். காதால் கேட்டவர்கள் பேஜோ என்றார்கள். கேட்டவர்கள்தான் சரி.

203 க்குப் பின் 1955 இல் வந்தது 403. இத்தாலியின் பினின்ஃபரீனா வரைந்த உடல். 1468 சீசீ எஞ்சின். பேஜோ வரலாற்றில் பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் கார். முன் சீற்றின் முதுகைப் பின்னால் முழுவதும் சாய்த்தால் படுக்கையாகிவிடும். பாதைக்குக் காத்துக் கிடந்த இரவுகளில் பலர் அதில் தூங்கியிருக்கிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1970களில் கசங்கிய மழைக்கோட்டோடு வந்த துப்பறிவாளர் கொலம்போ ஓட்டுவதும் திறந்த 403 தான். எங்கள் தலைநகரின் பெயரைக் கொண்டவர் எங்கள் ஊர்க் காரில் வருகிறார் என்று வீடியோவில் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். 1960 இல் விலை குறைந்த 403 ஒன்று வந்தது: பெரிய உடலுக்குள் 203 இன் அதே 1290 சீசீ எஞ்சினை வைத்தார்கள். வலு குறைந்த கார் என்றால் அதுதான். அதே ஆண்டில் 404 வந்தது. பிரான்சில் 1975 இல் நிறுத்திய பிறகும் கென்யாவில் 1990களின் தொடக்கம்வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

காரின் கதை என்று தொடங்கினாலும் எங்கள் நாட்டில் அது நம்பர் தகட்டைத் தொடாமல் போகாது. 1957 க்கு முன் பதிந்த கார்களுக்கு இங்கிலீஷ் எழுத்துகள். அந்த ஆண்டு தொடக்கம் புதிய தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழ் பேசும் பகுதிகளில் அதை ஏற்க மறுத்து, எழுத்தின்மேல் தார் பூசும் போராட்டத்தை 1958 இல் தமிழரசுக் கட்சி நடத்தியது. தந்தை செல்வா அதற்காகச் சிறைப்பட்டது எங்கள் மட்டக்களப்புச் சிறையில்தான். பெரியப்பாவின் 203 பழைய பதிவு. அதில் பூச எழுத்து இருக்கவில்லை. ஆனால் அந்த வருடம் முழுவதும் தெருவில் ஒரு காரைக் கண்டால் ஆட்கள் முதலில் பார்த்தது ஓட்டுபவரின் முகத்தை அல்ல, தகட்டைத்தான் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டு மே மாதக் கலவரத்துக்குப் பிறகு ஒரு கார் எதுவரை போகலாம், எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானித்தது பெற்றோல் மட்டுமல்ல.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி. கார் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியது. 1977 இல் கதவு திறக்கும்வரை, இருந்த காரைக் காப்பாற்றுவதுதான் வழி. ஒரு தலைமுறைக் கராஜ் பாஸ்மாரின் கைத்திறன் அந்தக் காலத்தில்தான் வளர்ந்தது. பிரேக் ரப்பர் கிடைக்காவிட்டால் வெட்டிச் செய்தார்கள். ஸ்பிறிங் உடைந்தால் லொறி ஸ்பிறிங்கை வெட்டித் தட்டி வைத்தார்கள். பற்றறி செத்துப்போனால் கவலை இல்லை. முன்னால் துவாரம் இருக்கிறது. ஹாண்டிலைப் போட்டு ஒரு சுற்று. பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் போய்விடும். எனக்குப் பெரியப்பா கற்றுத் தந்த முதல் பாடம் அது. என் வலக்கைக்கு இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தக் காரைத் தின்றது எஞ்சின் பழுதல்ல, உப்பு. வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற மண்ணில் தகரம் நிலைக்காது. 203 க்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகரம் இத்துப்போனால் முதுகெலும்பு முறிந்த மாதிரி. கதவு மூடாது. வெல்டிங் வைத்து வைத்துப் பார்த்தார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பு முழுவதும் மரங்கள் சரிந்தபோது எங்கள் கொட்டிலும் விழுந்தது. காரின் கூரை நெளிந்தது. கூரையைத் தட்டி எடுத்தார்கள். காரும் ஓடியது.

உள்நாட்டுப் போர் வந்தபின் கணக்குகள் வேறாயின. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எல்லோரும் அறிவார்கள். கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய கார்களில் அது சாத்தியமில்லை. கலவையை இறுக்கமாக அமுக்கும் எஞ்சின் மண்ணெண்ணெயில் தட்டித் தட்டியே உடைந்துபோகும். மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் போன்ற கிழட்டுக் கார்கள் இளக்கமாக அமுக்குபவை. 203 இன் அமுக்க விகிதமும் ஏழுக்கு ஒன்று அளவில்தான். காலம் போனது என்று ஒதுக்கிய எஞ்சின்கள் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இதை நான் எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்ல விரும்புகிறேன்: அந்தக் கார்கள் உயிர்களைக் காப்பாற்றின. எங்கள் பக்கத்திலும் வவுணதீவுச் சோதனைச்சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்ந்தவர்களுக்கு ஒரு போத்தல் எரிபொருளின் பெறுமதி என்னவென்று தெரியும்.

பெரியப்பாவின் 203 அந்த நாட்களைக் காணவில்லை. 1980களின் நடுவில் அது நின்றுபோனது. எஞ்சினை ஒருவர் நீர் இறைக்க வாங்கிப்போனார். படுவான்கரையில் ஒரு வெங்காயத் தோட்டத்துக்குச் சில போகம் அது தண்ணீர் இறைத்ததாகக் கேள்வி. உடல் எங்கள் வளவில் கிடந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்து கல்லடியையும் நாவலடியையும் வாரிக்கொண்டு போனபோது, எங்கள் வீட்டில் ஆட்கள் தப்பியது பெரிதாக இருந்தது. காரின் மிச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அது எங்கே போயிற்று என்று எவரும் தேடவும் இல்லை. மாதங்கள் கழித்து மணலுக்குள்ளிருந்து பின் அச்சு மட்டும் வெளிவந்தது. இரும்பெல்லாம் கறள். உள்ளே வெண்கலச் சக்கரம் பச்சை பிடித்து, பல்லோடு அப்படியே இருந்தது. அதைக் காக்காவிடம் கொடுத்தேன். அவருடைய மேசையில் இன்றும் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

2014 இல் மண்முனையில் பாலம் திறந்தபிறகு அந்தத் துறையில் பாதைக்கு வேலை இல்லை. குறுமண்வெளியில் பாதை இப்போது இயந்திரத்தில் ஓடுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய கல்லடி இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். எதிர்ப்பக்கம் காத்து நிற்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, ஊரார் சொல்வதுபோல் நிலவு இரவுகளில் வாவியில் மீன் பாடுகிறதா என்று ஆட்கள் காதைத் தீட்டுவார்கள். புதுப் பாலத்தில் நிற்க இடமில்லை, தேவையும் இல்லை.

போன ஆடியில் காக்கா தன் 403 ஐ வெளியே எடுத்தார். இரண்டு வருட வேலை. சாம்பல் பச்சை நிறம். நான்தான் ஹாண்டில் போட்டேன், பெருவிரலைச் சேர்த்து வைத்து. இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. காத்தான்குடியிலிருந்து நாவற்குடா வழியாக நாலாம் கியரில் வந்தோம். அதே தையல் மிசின் சத்தம். கல்லடிப் புதுப் பாலத்தின் ஏற்றத்தில் கச்சான் முகத்துக்கு நேரே அடித்தது. எஞ்சின் தயங்கியது. காக்கா மூன்றாவதுக்கு இறக்கினார். பாலத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம், ஏற்றம் முடிந்துவிட்டது.

"நாலைப் போடுங்களேன் காக்கா."

"இருங்க தம்பி. காத்து விடட்டும்."

பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்தது. காக்கா கண்ணாடியில் பார்த்து, காரை இடப்பக்கம் ஒதுக்கி, கையை வெளியே நீட்டி அதைப் போகச் சொன்னார்.